உறைவிடப் பள்ளியில் ஒரு கொலை: இளையோர் மர்ம நாவல் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுதியில் ஒரு சாவு, துப்புத் துலக்கும் ஒரு மாணவி, சந்தேகத்துக்குரிய பத்துப் பேர். இந்த வகை நாவல்களை முழுதாக ரசித்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. உதாரணத்துக்கு இரண்டு நாவல்களை அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று ராபின் ஸ்டீவன்ஸின் 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' (2014): 1934-இல் இங்கிலாந்தின் டீப்டீன் பெண்கள் பள்ளியில் நடக்கிறது. இன்னொன்று மௌரீன் ஜான்சனின் 'ட்ரூலி டீவியஸ்' (2018): அமெரிக்காவின் வெர்மான்ட் மலைப்பகுதியில் உள்ள எல்லிங்ஹாம் அகாடமியில் நடக்கிறது. இரண்டு பள்ளிகளும் கற்பனை. கொலையாளி யார் என்பதை இந்தப் பக்கத்தில் எங்கும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கொலைக் கதைக்கு ஏன் உறைவிடப் பள்ளி இவ்வளவு பொருந்துகிறது?

துப்பறியும் கதைக்கு முதலில் வேண்டியது வெளியே போக முடியாத ஒரு கூட்டம். பழைய கதாசிரியர்கள் இதற்காகத்தான் பனியில் சிக்கிய ரயிலையும் தனித் தீவையும் தேடிப் போனார்கள். உறைவிடப் பள்ளியில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மதில், வாயிற்காவலர், விடுமுறை வரை வீட்டுக்குப் போக முடியாத மாணவர்கள், வளாகத்திலேயே குடியிருக்கும் ஆசிரியர்கள்.

இரண்டாவது, மணி. எழுப்பும் மணி, சாப்பாட்டு மணி, பாட வேளை மணி, இரவுப் படிப்பு மணி, விளக்கணைக்கும் மணி. ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இடம் மாறுகிறார்கள். யார் எந்நேரம் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது கதை தொடங்கும் முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. கொலையாளிக்குக் கிடைப்பது இரண்டு மணிகளுக்கு நடுவிலுள்ள சில நிமிடங்கள். அந்த நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதவர் யார்? இந்தக் கதைகளில் நேர அட்டவணைதான் முதல் சாட்சி. அதைச் சுவர்க் காகிதம் போலக் கடந்து போகிறவர்கள்தான் கடைசியில் "எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றே புரியவில்லை" என்கிறார்கள்.

மூன்றாவது, பெற்றோர் இல்லாத உலகம். பதின்மூன்று, பதினாறு வயதில் பாதி ராத்திரி அறையை விட்டு வெளியேறித் துப்புத் துலக்க வீட்டில் யாரும் விடமாட்டார்கள். விடுதியில் வார்டனின் கண்ணைத் தப்பினால் போதும். போதாததற்கு, பள்ளியின் பெயர் கெடக் கூடாது என்று நிர்வாகமே சிலவற்றை மூடி மறைக்கும். குற்றத்தில் சம்பந்தமே இல்லாதவர்களும் பொய் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

எதில் தொடங்கலாம்?

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது என்றால், அல்லது ஆங்கிலத்தில் நாவல் படிப்பது புதிது என்றால், 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்'. டெய்சி வெல்ஸும் ஹாங்காங்கிலிருந்து வந்து சேர்ந்த ஹேசல் வாங்கும் மூன்றாம் ஃபார்ம், அதாவது ஏறக்குறைய பதின்மூன்று வயது வகுப்பு மாணவிகள். உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் ஆசிரியை இறந்து கிடப்பதை ஹேசல் பார்க்கிறாள். ஆட்களோடு திரும்பி வரும்போது உடலைக் காணோம். கதையை வழக்குக் குறிப்பேடாக ஹேசலே எழுதிப் போவதால், யார் மேல் சந்தேகம், யாரை நீக்கியாயிற்று என்பது அவ்வப்போது பட்டியலாக வந்துவிடும். எப்படி யோசிப்பது என்பதைக் கைபிடித்துச் சொல்லித்தரும் புத்தகம் இது. வழக்கும் அதே புத்தகத்தில் முடிந்துவிடும்.

பதினான்குக்கு மேல் என்றால் 'ட்ரூலி டீவியஸ்'. பள்ளியில் 1936-இல் நடந்த ஒரு கடத்தல், இன்று அங்கே எழும் ஒரு புதிய வழக்கு, இரண்டையும் ஸ்டீவி பெல் என்ற மாணவி துப்புத் துலக்குகிறாள். ஆனால் இதை எடுக்கும்போது மூன்று புத்தகங்களையும் சேர்த்து எடுங்கள். முதல் புத்தகம் 'தொடரும்' என்ற இடத்தில்தான் நிற்கிறது. 'தி வேனிஷிங் ஸ்டேர்' (2019), 'தி ஹேண்ட் ஆன் தி வால்' (2020) இரண்டையும் வரிசையாகப் படித்தால்தான் பழைய வழக்கும் புதிய வழக்கும் தீரும். இது தெரியாமல் முதல் புத்தகத்தை மட்டும் வாங்கிக் கோபப்பட்டவர்கள் நிறைய. அதே துப்பறியும் பெண் வரும் 2021, 2022 நாவல்கள் தனி வழக்குகள். பள்ளிக்கு வெளியே நடப்பவை. முதல் மூன்றையும் முடித்த பிறகு அவற்றுக்குப் போவது நல்லது.

பெரியவர்களுக்கான கதையும் பழக்கம் என்றால் அகதா கிறிஸ்டியின் 'கேட் அமங் தி பிஜன்ஸ்' (1959). மெடோபேங்க் என்ற பெண்கள் பள்ளியில் நடக்கிறது. கிறிஸ்டியின் புகழ்பெற்ற துப்பறிவாளர் ஹெர்கியூல் பொய்ரோ மிகத் தாமதமாகத்தான் வருவார். அவரை எதிர்பார்த்துப் புரட்டாமல் பள்ளியையே கவனித்துப் படிக்க வேண்டும்.

முதல் ஐம்பது பக்கம் வெறும் பெயர்களாக இருக்கிறது. யார் யார் என்றே நினைவில் நிற்கவில்லை. என்ன செய்வது?

இந்த வகையைப் பாதியில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். ஒரு தாள் போதும், சரிசெய்துவிடலாம்.

ஏ4 தாளை அகலவாட்டில் வைத்து நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், எங்கே தூங்குகிறார், யாரோடு ஒட்டு அல்லது பகை, கடைசியாக எப்போது எங்கே பார்த்தார்கள். கதையில் பெயர் வந்த அன்றே எல்லோரையும் எழுத வேண்டாம். இரண்டாம் முறை பெயர் வரும்போது எழுதுங்கள். ஒரே முறை வந்து போகிறவர்களில் பாதிப் பேர் வெறும் கூட்டம். இப்படி எழுதினால் ஒரு நாவலுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பெயர்தான் தேறும்.

'எங்கே தூங்குகிறார்' என்ற கட்டம்தான் முக்கியம். பள்ளிக் கொலை பெரும்பாலும் இருட்டிய பிறகு நடக்கும். யாருக்குத் தனி அறை, யார் ஆறு பேரோடு ஒரே கூடத்தில் படுக்கிறார், யாருடைய ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் பின்னால் பேசும். ஆறு பேர் படுக்கும் கூடத்திலிருந்து ஒருத்தி சத்தமில்லாமல் எழுந்து போவது கடினம். அப்படிப் போயிருந்தால் இன்னொருத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அடுத்த கேள்வி.

தாளின் பின்பக்கத்தில் வளாகத்தை வரையுங்கள். அழகாக வேண்டாம், கட்டங்களும் கோடுகளும் போதும். புத்தகத்திலேயே வரைபடம் இருந்தாலும் நீங்களும் வரைய வேண்டும். கையால் கோடு இழுக்கும்போதுதான் "நூலகத்திலிருந்து ஜிம்முக்குப் போக ஒரே ஒரு தாழ்வாரம்தானா, அப்படியானால் அவர் இவரைக் கடந்திருக்க வேண்டுமே" என்று உறைக்கும். ஒரு பாத்திரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆனது என்று கதையில் வந்தால் அந்தக் கோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, எல்லாவற்றையும் எழுதுவது. பக்கத்துக்கு நான்கு குறிப்பு எழுதினால் படிப்பு வீட்டுப்பாடம் ஆகிவிடும், மூன்றாம் நாள் புத்தகம் மூடிக் கிடக்கும். அத்தியாயத்துக்கு அதிகம் போனால் இரண்டு வரி.

ப்ரெப், ஃபார்ம், எக்சியட்... இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

பிரிட்டிஷ் கதைகளில் 'ஃபார்ம்' என்பது வகுப்பு. மூன்றாம் ஃபார்ம் என்றால் ஏறக்குறைய பதின்மூன்று வயது, ஐந்தாம் ஃபார்ம் பதினைந்து பதினாறு, ஆறாம் ஃபார்ம் பதினாறு முதல் பதினெட்டு. 'ஹவுஸ்' என்பது மாணவர்கள் பிரிக்கப்பட்டிருக்கும் இல்லம். அதற்குப் பொறுப்பான ஆசிரியை ஹவுஸ் மிஸ்ட்ரஸ். 'ப்ரிஃபெக்ட்' அதிகாரம் உள்ள மூத்த மாணவி. 'ப்ரெப்' மேற்பார்வையில் நடக்கும் மாலைப் படிப்பு. 'மேட்ரன்' விடுதியையும் மாணவிகளின் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்பவர், 'சான்' நோயாளிகளைப் படுக்கவைக்கும் அறை. 'எக்சியட்' வெளியே போக அனுமதிச் சீட்டு. 'டக் பாக்ஸ்' வீட்டிலிருந்து வரும் தின்பண்டப் பெட்டி.

அமெரிக்கக் கதைகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஃப்ரெஷ்மன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர் என்று போகும். வார்டன் இடத்தில் விடுதியிலேயே குடியிருக்கும் ஆசிரியர் இருப்பார். இரவு குறித்த நேரத்துக்குள் வந்து பதிய வேண்டும் என்ற விதி ஏறக்குறைய எல்லாக் கதையிலும் உண்டு, அது மீறப்படுவதும் உண்டு.

நீலகிரியில் 1858-இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்றவை இதே பிரிட்டிஷ் மரபில் வந்தவை. ஹவுஸ், ப்ரிஃபெக்ட் எல்லாம் அங்கே படித்தவர்களுக்குப் பழகிய சொற்கள். மற்றவர்கள் நம் ஊர்க் கல்லூரி விடுதியை வைத்து இவற்றைக் கற்பனை செய்தால் ஓரளவுதான் பொருந்தும். இந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் பதினொரு வயதிலேயே வந்துவிடுகிறார்கள். வருடக்கணக்காக ஒன்றாகவே வளர்வதால் பகையும் பாசமும் குடும்பத்துக்குள் இருப்பது போல இறுகிக் கிடக்கும். கொலைக்கான காரணம் பல சமயம் அந்த இறுக்கத்திலிருந்துதான் வரும்.

வாசகர் தானே கொலையாளியைக் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது எழுத்தாளர் ஏமாற்றுகிறாரா?

நல்ல நாவல் என்றால் முடியும். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயங்கள் எல்லாம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பது இந்த வகையின் அறம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929-இல் இதைப் பத்து விதிகளாக எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும்; ஒன்றுக்கு மேல் ரகசிய அறையோ ரகசிய வழியோ கூடாது; யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது; இரட்டையர்களைக் கொண்டுவருவதானால் முன்கூட்டியே கோடிகாட்ட வேண்டும்; துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பின் உறுப்பினர்களான எழுத்தாளர்களும் இந்த நேர்மையைத்தான் உறுதிமொழியாக ஏற்றார்கள். எல்லரி குவீன் என்ற பெயரில் எழுதிய இருவர் இன்னும் ஒரு படி மேலே போய், விடை வருவதற்குச் சற்று முன் கதையை நிறுத்தி, "எல்லாத் தடயங்களும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன" என்று வாசகருக்குச் சவால் விட்டார்கள்.

இன்றைய இளையோர் நாவல்கள் இந்த விதிகளை அப்படியே பின்பற்றுவதில்லை. ரகசியச் சுரங்கம் இரண்டு மூன்று கூட வரும், பள்ளிக் கதைக்கு அது அழகுதான். ஆனால் குற்றவாளி முன்பே வந்திருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் நல்ல எழுத்தாளர் யாரும் மீறுவதில்லை. ஆகவே பாதிப் புத்தகத்துக்கு மேல் புதிதாக நுழையும் முரட்டு ஆள் மேல் உங்கள் சந்தேகத்தை வீணாக்காதீர்கள்.

தடயத்தை எங்கே ஒளித்து வைப்பார்கள்?

கண்ணெதிரிலேதான். பழகிவிட்டால் ஒளிக்கும் இடங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

பட்டியலின் நடுவில் ஒளிப்பது மிகப் பழைய உத்தி. மேசை மேல் ஆறு பொருள் இருந்தன என்று வரும். முதலாவதும் கடைசியும் நினைவில் நிற்கும், நான்காவது நழுவும். எழுத்தாளருக்கு வேண்டியது அந்த நான்காவதுதான். இன்னொரு இடம், சண்டைக்கும் அழுகைக்கும் சற்று முன்னால். ஒரு மாணவி எதையோ சாதாரணமாகச் சொல்வாள், அடுத்த வரியில் கதவு படாரென்று திறந்து இரண்டு பேர் கத்திக்கொண்டு வருவார்கள். கத்தலில் அவள் சொன்னது மறந்துவிடும். படபடப்பான காட்சி முடிந்ததும் அதற்கு முந்தைய அரைப் பக்கத்தைத் திரும்பப் படிப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதித் துப்பைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

பொய்யை விடத் தவறான அனுமானம் ஆபத்தானது. "அவர் ஒன்பது மணிக்கு அறையில் இருந்தார்" என்று சாட்சி சொன்னால், அவர் பார்த்தாரா, குரலைக் கேட்டாரா, வெளிச்சத்தைப் பார்த்தாரா என்று பிரித்துப் பாருங்கள். ஜன்னலில் விளக்கு எரிந்தது மட்டும்தான் தெரியும் என்றால் அலிபி (குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்ததற்கான சான்று) விளக்குக்குத்தான், ஆளுக்கு இல்லை.

கதைசொல்லியின் பிரியங்களையும் சந்தேகப்படுங்கள். பதினைந்து வயதுப் பெண் தனக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றி எழுதும்போது சிலவற்றைப் பார்க்கமாட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியவில்லை. இளையோர் நாவலின் அழகே இந்த இடம்தான். வழக்கோடு சேர்ந்து அவள் பார்வையும் தெளிந்துகொண்டே வரும்.

"உடல் விறைத்திருந்தது", "குளிர்ந்திருந்தது" என்று வருவதை வைத்து நேரம் கணக்கிட முடியுமா?

தோராயமாக முடியும். சாதாரண அறையில் இறந்த உடலின் வெப்பம் மணிக்கு ஏறக்குறைய 0.8 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. விறைப்பு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடை, முகத் தசைகளில் தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, ஒரு நாளுக்குப் பிறகு மெல்ல விடும். குளிர் இருந்தால் எல்லாமே தாமதமாகும். வெர்மான்ட் இலையுதிர் கால இரவில் வெளியே கிடந்த உடலுக்கும் கணப்படுப்பு எரியும் அறையில் கிடந்த உடலுக்கும் கணக்கு வேறு. ஜன்னல் திறந்து கிடந்தது என்று கதையில் ஒரு வரி வந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். யாரோ நேரத்தைக் குழப்பப் பார்த்திருக்கலாம்.

உடல் இடம் மாற்றப்பட்ட கதைகளில் இன்னொன்று உதவும். இறந்த பிறகு ரத்தம் உடலின் கீழ்ப்புறம் தேங்கி அங்கே தோல் நிறம் மாறும். எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கறை நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் உடலின் மார்புப் பக்கம் கறை இருந்தால், நெடுநேரம் குப்புறக் கிடந்த பிறகுதான் யாரோ புரட்டியிருக்கிறார்கள்.

விஷம் என்றால் கதையின் ஆண்டைப் பாருங்கள். 1930-களில் தூக்க மருந்து என்றால் பெரும்பாலும் பார்பிட்யூரேட் வகை. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால், பாலில் கலந்து கொடுத்தார்கள் என்று வரும் காட்சி அந்தக் காலத்துக்கு முழுக்க நம்பத்தக்கது. சயனைடுக்குக் கசப்பு வாதுமை மணம் என்பார்கள். அந்த மணத்தை உணர முடியாதவர்களும் உண்டு. "எனக்கு எந்த வாசனையும் வரவில்லை" என்று ஒருவர் சொல்வதால் மட்டும் அவர் பொய்யர் ஆகமாட்டார்.

பழைய காலத்தில் நடக்கும் கதை என்றால் வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

போலீஸ் கையில் என்ன இருந்தது என்பது. லண்டன் ஸ்காட்லாண்ட் யார்டில் கைரேகைப் பிரிவு 1901-இல் வந்துவிட்டது. ஆகவே 1934 கதையில் கொலையாளி கையுறை போடுவதில் வியப்பில்லை. குற்ற வழக்கில் டிஎன்ஏ சோதனை 1986-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய கதையில் ஒரு தலைமுடி கிடைத்தால் நிறம், நீளம் அளவில்தான் பேச முடியும்.

தண்டனையும் முக்கியம். அன்றைய பிரிட்டனில் கொலைக்குத் தூக்கு. ஒருவரைக் காட்டிக்கொடுப்பது அவர் உயிரை எடுப்பது என்று பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் புரியும் கணம் கதையில் வந்தால், அந்தக் கனத்தோடு படிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அங்கே 1933-இல் சட்டம் வந்திருந்தது. சந்தேக வளையத்தில் மாணவியும் ஆசிரியையும் இருந்தால் இருவர் எதிரே இருப்பதும் ஒன்றல்ல.

'ட்ரூலி டீவியஸ்' படிக்கிறவர்கள் லிண்ட்பர்க் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க்கின் இருபது மாதக் குழந்தையை 1932 மார்ச் 1 அன்று நியூ ஜெர்சி வீட்டிலிருந்து கடத்தினார்கள். 50,000 டாலர் கொடுக்கப்பட்டது. குழந்தையின் உடல்தான் மே மாதம் கிடைத்தது. கொடுத்த நோட்டுகளில் ஒன்றை 1934-இல் ஒருவர் பெட்ரோல் பங்கில் மாற்ற, அங்கிருந்த ஊழியர் சந்தேகப்பட்டு வண்டி எண்ணை நோட்டின் ஓரத்திலேயே குறித்து வைத்தார். அந்தக் கிறுக்கல்தான் புரூனோ ஹாப்ட்மனைப் பிடித்துக் கொடுத்தது. அவருக்கு 1936 ஏப்ரல் 3 அன்று தண்டனை நிறைவேறியது. நாவலில் பள்ளி நிறுவனரான ஆல்பர்ட் எல்லிங்ஹாமின் மனைவியும் மகளும் கடத்தப்படுவதும் அதே 1936 ஏப்ரலில்தான். பணக்காரக் குடும்பங்கள் அப்போது எந்தப் பயத்தில் இருந்தன, அவர் ஏன் உடனே போலீஸைக் கூப்பிடத் தயங்குகிறார் என்பது இதைத் தெரிந்து படித்தால் தெளிவாக விளங்கும்.

'ட்ரூலி டீவியஸ்' 1936-க்கும் இன்றைக்கும் மாறி மாறித் தாவுகிறது. ஒரு காலத்தை மட்டும் சேர்த்துப் படிக்கலாமா?

வேண்டாம். மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு தடத்தில் ஓடும் கதை புதிதல்ல. ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒன்று, இரட்டைப்படையில் இன்னொன்று, கடைசியில் இரண்டும் ஒரு புள்ளியில் முட்டும். இங்கும் அதே வித்தைதான். பழைய கால அத்தியாயம் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதே ஒரு தடயம். இன்றைய மாணவி ஒரு கதவைத் திறந்து உள்ளே போன உடனே 1936 வந்தால், அந்தக் கதவுக்கும் அந்த நாளுக்கும் தொடர்பு உண்டு. பிரித்துப் படித்தால் இந்த ஒட்டு அறுந்துவிடும். விசாரணை வாக்குமூலங்கள் உரையாடல் வடிவில் அப்படியே வரும் பக்கங்களை வேகமாகக் கடக்காதீர்கள். அங்கே கதைசொல்லியின் குறுக்கீடு இல்லாமல் சாட்சிகள் நேராகப் பேசுகிறார்கள்.

கொலைக்கு நடுவே காதல், நட்புச் சண்டை எல்லாம் எதற்கு? தாண்டிவிடலாமா?

தாண்டினால் நோக்கம் பிடிபடாது. பெரியவர்கள் கதையில் சொத்தும் உயிலும் செய்யும் வேலையை இங்கே வெட்கமும் பொறாமையும் செய்கின்றன. யார் எழுதிய கட்டுரையை யார் தன் பெயரில் கொடுத்தார், யார் யாரைத் தன் குழுவிலிருந்து ஒதுக்கினார் என்பதெல்லாம் வளர்ந்தவர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். ஸ்காலர்ஷிப்பை இழந்தால் ஊர் திரும்ப வேண்டிய பிள்ளைக்கு அது சின்னதில்லை.

எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசிப்பது?

முக்கால் பங்கு முடிந்ததும். முந்நூற்று இருபது பக்க நாவல் என்றால் இருநூற்று நாற்பதில். பெரும்பாலும் அந்த இடத்தில் இரண்டாவது அசம்பாவிதம் நடந்திருக்கும், அல்லது எல்லோரும் சந்தேகப்பட்ட ஆள் குற்றமற்றவர் என்று தெரிந்திருக்கும். ஒரு சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: யார், ஏன், அந்த நிமிடங்களில் எப்படி. மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது சந்தேகம் மட்டுமே. அந்த நிலையில் பெயர்த் தாளில் குறித்த நேரங்களுக்கும் இடங்களுக்கும் திரும்புங்கள்.

காகிதப் புத்தகமா, மின்நூலா, ஒலிநூலா?

முதல் வாசிப்புக்குக் காகிதம். முன்னும் பின்னும் புரட்டுவது இந்த வகையில் பாதி இன்பம். மின்நூலில் ஒரு பொறி இருக்கிறது. "இவர் யார்" என்று பெயரைப் போட்டுத் தேடினால், நீங்கள் இன்னும் படிக்காத அத்தியாயங்களில் அந்தப் பெயர் வரும் வரிகளும் சேர்ந்து வந்து விழும். கடைசி அத்தியாயத்தின் ஒரு வரி போதும், எல்லாம் போச்சு. பெயர்த் தாள் வைத்திருந்தால் தேட வேண்டிய அவசியமே வராது. ஒலிநூலில் வரைபடமும் மிரட்டல் கடிதத்தின் வடிவமும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் முறை கேட்க அருமையாக இருக்கும்.

ஆங்கிலம் தடுக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டுமா?

வேண்டாம். சாப்பாடு, உடை, விளையாட்டு பற்றிய சொற்கள் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். நேரம், திசை, மாடி, கதவு, பூட்டு, மருந்து பற்றிய சொல் என்றால் மட்டும் பாருங்கள். ஒரு கவனம்: பிரிட்டிஷ் கதையில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் தரைத்தளத்துக்கு மேலே உள்ள மாடி, அமெரிக்கக் கதையில் அதுவே பெரும்பாலும் தரைத்தளம். ஜன்னல் வழியே குதித்துத் தப்பினாரா என்பது இதில் தலைகீழாக மாறிவிடும்.

என் பிள்ளைக்கு இது ஏற்றதா?

சிறுவர் வரிசையில் வருபவற்றில் சாவு இருக்கும், கோரம் இருக்காது. இளையோர் நாவல்களில் மது, போதைப் பொருள், காதல், மன அழுத்தம், சிலவற்றில் தற்கொலையும் வரும். 'ட்ரூலி டீவியஸ்' நாயகி ஸ்டீவி பெல்லுக்குப் பதற்ற நோய் உண்டு. அது அக்கறையோடு எழுதப்பட்டிருக்கிறது. முதல் நான்கு அத்தியாயங்களை நீங்கள் முதலில் படித்துப் பார்ப்பதே நம்பகமான வழி. பிள்ளை அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்திருந்தால் சில மாதம் தள்ளி வையுங்கள்.

முடிவு முன்பே தெரிந்துவிட்டது. இனி படிப்பதில் பொருள் உண்டா?

உண்டு. யார் என்று தெரிந்து படிக்கும்போது வேறொரு புத்தகம் கிடைக்கிறது. கொலையாளி வரும் ஒவ்வொரு காட்சியிலும் அவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், மணி அடித்தபோது எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். எழுத்தாளர் நேர்மையாக ஆடியிருந்தால் கோடுகள் முதல் கால் பங்கிலேயே சேர ஆரம்பித்துவிடும். சேராவிட்டால், முடிவு ஏன் மனதில் ஒட்டவில்லை என்பதற்கான காரணமும் அங்கேயே கிடைக்கும்.

நண்பர்களோடு சேர்ந்து எப்படிப் படிப்பது?

நான்கு முதல் ஆறு பேர் சரியான எண்ணிக்கை. எட்டுக்கு மேல் போனால் யாராவது முந்திப் படித்து உளறிவிடுவார்கள். புத்தகத்தை நான்கு பங்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு வையுங்கள். பங்கு முடியும் இடத்தை அத்தியாய எண்ணால் சொல்லுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஒரு பாத்திரத்துக்கு வக்கீலாக வாதாட வேண்டும், அவர் ஏன் செய்திருக்க முடியாது என்று. குற்றஞ்சாட்ட எல்லோருக்கும் வரும். காப்பாற்றப் போகும்போதுதான் அலிபிகளில் உள்ள ஓட்டை தெரியும்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஆளுக்கொரு சீட்டில் மூன்று வரியையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பெயரைச் சரியாக எழுதியவருக்கு ஒரு புள்ளி, நோக்கத்துக்கு இரண்டு, எப்படி நடந்தது என்பதற்கு மூன்று. உறைகளை வைத்திருப்பவர் அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்தவராக இருக்கக் கூடாது. அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.